தள்ளுவதா, ஓட்டுவதா?

தையல்காரம்மா மேல் உங்களுக்கு இருக்கிற கோபத்தையெல்லாம் நான்தான் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். "அந்த அம்மா வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் பாதிப் பேர். "சொல்லிவிட்டால் அந்த மனுஷன் கதி என்ன?" என்பவர்கள் மீதிப் பேர். இரண்டு கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது கதை சொல்கிற நான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தையல்காரம்மாவின் கணவர் காலமெல்லாம் பஸ் டிரைவர். போன வருடம் வேலையை விட்டார். முதுகுவலி என்று எல்லோரிடமும் சொன்னார்கள். உண்மைக் காரணம் வேறு. அவருக்குத் திடீர் திடீரென்று ஒன்று வரும். கண் திறந்திருக்கும், கை ஸ்டீயரிங்கில் இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடுவார். அப்படி ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் பஸ் போய் பணிமனைச் சுவரில் முட்டியது. நல்லவேளை, உள்ளே பயணிகள் யாரும் இல்லை. இனிமேல் எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

புருஷனும் பெண்டாட்டியும் அன்றைக்கே ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவர் இனி ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார். அவள் மகனிடமும் மருமகளிடமும் சொல்லமாட்டாள். நாலு பேர் முன்னால் அவருக்கு அது வந்துவிட்டால், "ஒண்ணுமில்ல, அசதி" என்று அவள் சமாளிப்பாள். இத்தனை மாதமாக இந்தக் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றி வருவது அந்த ஒரு சொல்தான்.

எதற்கு இவ்வளவு ஒளிவுமறைவு? எல்லாம் மிளகுக்காக. அவர்களுடைய பேத்தி. வயது நாலு, இன்னும் பள்ளியில் சேர்க்கவில்லை. உருவம் சின்னது, காரம் அதிகம் என்பதால் அந்தப் பெயர். மருமகள் டீச்சர், நீண்ட விடுப்பு முடிந்து வருகிற திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறாள். மகன் ஆலையில் ஷிப்டு. தையல்காரம்மா கடையைத் திறந்தால் சாயங்காலம்தான் வீடு. ஆகவே பகலெல்லாம் மிளகு தாத்தாவின் பொறுப்பு. விஷயம் தெரிந்தால் எந்தத் தாய் விட்டுவிட்டுப் போவாள்? குழந்தை காப்பகத்துக்குப் போய்விடும். வேலையும் போய், குழந்தையும் போனால் அவர் என்ன ஆவார் என்று நினைக்கவே தையல்காரம்மாவுக்குப் பயம்.

போன வாரம் டீச்சர் ஒரு பயிற்சிக்காகப் பள்ளி வேனில் போய் வந்தாள். அந்த நாட்களில் ஓர் ஒத்திகை மாதிரி மிளகைத் தாத்தாவிடம் விட்டுப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. குழந்தை சாயங்காலம் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

போகட்டும், இன்றைய கதைக்கு வருவோம். இன்று சனிக்கிழமை.

குடும்பம் சமீபத்தில்தான் வீடு மாறியிருந்தது. புது வீட்டுக்கு வந்து பார்த்தால் வீடு கையளவு, தோட்டம் கடலளவு. முன்னால் கொஞ்சம், பக்கங்களில் கொஞ்சம், பின்னாலோ போய்க்கொண்டே இருக்கிற புல். அந்தப் பின்பக்கம் சரிந்து இறங்கி, இடுப்பளவு செடிவேலியில் போய் முடியும். வேலிக்கு அந்தப் பக்கம் லாரி போகிற ரோடு. முன்பு இருந்தவர்கள் புல்லை வெட்டிய மாதிரியே தெரியவில்லை. நேற்று மிளகு அதற்குள் ஓடிப்போய், மறைந்து கிடந்த பழைய குழாய் தடுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். நாளைக்கே புல் வெட்டுகிற மெஷின் வாங்கியாக வேண்டும் என்று டீச்சர் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

காலையில் பார்த்தால் டிரைவர் இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கிற ஷூ, படிய வாரிய தலை என்று டியூட்டிக்குக் கிளம்புகிறவர் மாதிரி நிற்கிறார். தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புல்லு வெட்டுற மெஷின் வாங்கப் போறீங்களா, ப்ளேன் வாங்கப் போறீங்களா?" என்றாள்.

அவர் பதிலை மருமகளுக்குச் சொன்னார். "அதுல ரெண்டு வகை இருக்கும்மா. ஒண்ணு பின்னால நின்னு தள்ளிட்டே போறது. இன்னொண்ணு மேல ஏறி உட்கார்ந்து ஓட்டுறது. சீட்டு, ஸ்டீயரிங் எல்லாம் உண்டு."

"தள்ளுறதே போதும்," என்றாள் தையல்காரம்மா.

"இவ்வளவு பெரிய தோட்டத்துக்கா? தள்ளாத வயசுல என்னைத் தள்ளச் சொல்றியே!"

டீச்சருக்குக் குடித்த டீ புரையேறிவிட்டது. சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமா சொல்றது சரிதானே அத்தை? நீங்கதானே சொல்வீங்க, மாமாவுக்கு அடிக்கடி அசதி வருதுன்னு? வெயில்ல அந்த மெஷினைத் தள்ளிட்டு மேடும் பள்ளமுமா அலைஞ்சா என்னத்துக்கு ஆவாரு? உட்கார்ந்து ஓட்டுறதுன்னா நோகாம வேலை முடியும்."

தையல்காரம்மாவுக்குத் தான் தைத்த சட்டை தன் கழுத்தையே பிடித்த மாதிரி இருந்தது.

"நடந்தா உடம்புக்கு நல்லதுதானேம்மா," என்றாள்.

"அசதி இருக்கிறவருக்கு எதுக்கு அத்தை நடை?"

"எப்பவுமா இருக்கு?"

"எப்ப வரும்னு தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் பார்வை மாறிவிட்டது. புருஷனை நோகாமல் இருக்க விடக்கூட இந்த அம்மாவுக்கு மனசு வரவில்லையே என்று அது சொன்னது. ஆலையிலிருந்து மகன் போன் பண்ணினான். "அப்பாவுக்கு எது சௌகரியமோ அதையே வாங்குங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

தையல்காரம்மா கணவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"என்னங்க இது? நமக்குள்ள என்ன பேச்சு?"

"அந்தப் பேச்சு வண்டிக்கு. இது வண்டியா? மெஷின். உன் தையல் மெஷினையும் நீ உட்கார்ந்துதானே ஓட்டுற?"

"என் மெஷின் சரிவுல இறங்கி ரோட்டுக்குப் போகாது. அதுக்கு அடியில பிளேடும் சுத்தாது. குழந்தை அங்கதானே விளையாடுவா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இப்பல்லாம் வர்றதே இல்ல. இந்த வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு தடவையாவது வந்து நீ பாத்தியா?"

அவள் பார்க்கவில்லைதான்.

"சரி, நீ போய்ச் சொல்லிடு," என்றார் அவர். கோபமில்லாமல் சொன்னதுதான் அவளை அதிகம் உலுக்கியது. "திங்கக்கிழமை அவ காப்பகத்துல இருப்பா. நான் செவுத்தைப் பாத்துட்டு உட்கார்ந்திருப்பேன். உனக்கு அதுதான் நிம்மதின்னா சொல்லிடு."

அவர் போய்விட்டார். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துண்டை அவள் எடுத்து உதறி மறுபடி மடித்தாள். இந்த மனுஷனைப் பிடிக்காமல் போயிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! பிடித்திருந்தது. முதல் நாள் போலவே பிடித்திருந்தது. அதுதான் சிக்கல்.

காரை டீச்சர் ஓட்டினாள். பக்கத்தில் டிரைவர். பின்னால் தையல்காரம்மாவும் மிளகும். சிக்னல் வரும்போதெல்லாம் டிரைவரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடியே புடிம்மா."

"மாமா, நானும் லைசென்ஸ் வாங்கித்தான் ஓட்டுறேன்."

"யாரு இல்லேன்னா? கார் பாவமேன்னுதான் சொன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள், தையல்காரம்மா தவிர.

கடையில் மெஷின்கள் பச்சையும் சிவப்புமாக வரிசை கட்டி நின்றன. டை கட்டிய விற்பனையாளர் கேள்விமேல் கேள்வி கேட்டார். தோட்டம் எவ்வளவு பெரிசு? மரம் உண்டா? கல் உண்டா? சரிவு உண்டா? வெட்டின புல்லைப் பெட்டியில் சேர்க்கணுமா, அங்கேயே கொட்டினால் போதுமா? பெட்ரோலா, பேட்டரியா?

"சலூன்ல உட்கார்ந்த மாதிரி இருக்கு," என்றார் டிரைவர். "சைடுல ஏத்திடுங்கன்னு சொல்லிடட்டுமா?"

விற்பனையாளர் முதலில் தள்ளுகிற மெஷினைக் காட்டினார். கைப்பிடியோடு ஒரு கம்பி இருந்தது. "ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சாத்தான் பிளேடு சுத்தும். கையை விட்டா நின்னுடும். இது தானா நகராதும்மா, நீங்க நின்னா அதுவும் நின்னுடும்."

தையல்காரம்மா பிடித்துப் பார்த்தாள். விட்டாள். நின்றது. தள்ளுகிறவர் எங்கேயோ தொலைந்துபோனாலும் இது அவரை விட்டுவிட்டு ஓடாது. "இதுவே நல்லா இருக்கே," என்றாள்.

"சின்னத் தோட்டத்துக்குத் தாராளமா போதும். நீங்க சொல்ற அளவுக்கு, ஒரு பக்கம் முடிச்சுட்டு மறுபக்கம் வர்றதுக்குள்ள முதல் பக்கம் வளர்ந்துடும்மா." சொல்லிவிட்டு அவரே ரசித்துச் சிரித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனார்.

அது நின்ற இடத்துக்கு டிரைவர் முன்பே போய்விட்டிருந்தார். அகலமான கறுப்பு சீட்டு, உருண்டையான ஸ்டீயரிங், வயிற்றுக்கடியில் வெட்டும் பாகம். ஏறி உட்காரலாமா என்று கேட்பதற்குள் உட்கார்ந்துவிட்டார். இடது கை, அங்கே இல்லாத கியரைத் தேடியது. முதுகு நிமிர்ந்தது. வேலையை விட்ட நாளிலிருந்து அந்த முகத்தில் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்து உட்கார்ந்தது. டீச்சர் உடனே போனை எடுத்துப் படம் பிடித்தாள்.

"சரிவுல குறுக்கால ஓட்டாதீங்க சார், நேரா ஏறி நேரா இறங்குங்க," என்றார் விற்பனையாளர். "குழந்தைங்களை மடியில வெச்சுக்கக் கூடாது. மத்தபடி பயமே இல்ல. சீட்டுல ஆள் இருந்தாத்தான் ஓடும். எழுந்தா பிளேடு, இன்ஜின் எல்லாம் நின்னுடும்."

"எழுந்திரிக்கலைன்னா?" என்றாள் தையல்காரம்மா.

"எழுந்திரிக்கலைன்னா ஓடும். அதுக்குத்தானேம்மா வாங்குறீங்க?"

"இல்ல, உட்கார்ந்தபடியே அசதியா கண்ணு அசந்துட்டா?"

விற்பனையாளர் தலையைச் சொறிந்தார். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் இதுவரை கேட்டதில்லை போலும். "உட்கார்ந்திருக்காரான்னு அதுக்குத் தெரியும். முழிச்சிருக்காரான்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"இவ தையல் மெஷின்ல உட்கார்ந்தபடியே தூங்குவா," என்றார் டிரைவர் சட்டென்று. "எல்லாரும் அப்படித்தான்னு நினைப்பு." சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை.

கடைக்குப் பின்னால், ஓட்டிப் பார்ப்பதற்கென்று ஒரு புல்தரை வைத்திருந்தார்கள். டீச்சர் மிளகின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். தையல்காரம்மா இரண்டு கையாலும் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மெஷின் உறுமியது.

அவர் ஓட்டினார். எப்படி ஓட்டினார் தெரியுமா? கோடு போட்ட மாதிரி போனார். திரும்பும் இடத்தில், இல்லாத கண்ணாடியைப் பார்ப்பதற்காகத் தலை ஒருமுறை வலது பக்கம் சாய்ந்தது. மரத்தைச் சுற்றி ஓர் அரைவட்டம். ஒரு கீற்றுப் புல்கூட மிச்சமில்லை. ஒவ்வொரு முறையும் அவர் அந்தக் கோடியில் திரும்பும்வரை தையல்காரம்மா மூச்சை விடவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் சரியாகத் திரும்பினார். கடைசியில் மிளகின் எதிரே, பயணிகள் ஏறுவதற்கு வாசலைச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துவதுபோல, மெல்ல வந்து நிறுத்தினார்.

"சாருக்கு நல்ல பழக்கம் போல!" என்றார் விற்பனையாளர்.

"கொஞ்ச நாள் பஸ் ஓட்டினேன்," என்றார் டிரைவர் அடக்கமாக. மிளகு கை தட்டினாள். டீச்சரும் தட்டினாள். உண்மையைச் சொன்னால், தையல்காரம்மாவுக்கும் தட்ட வேண்டும் போல இருந்தது. ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ? வருவது நின்றுவிட்டதோ? தான்தான் இல்லாததை நினைத்துச் செத்துக்கொண்டிருக்கிறோமோ?

"முடிஞ்சுபோச்சு, இதேதான்," என்றாள் டீச்சர். "பில் போடுங்க சார். திங்கக்கிழமை நான் ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்குள்ள தாத்தாவும் பேத்தியுமா சேர்ந்து தோட்டத்துக்கு மொட்டை அடிச்சிருப்பாங்க, பாருங்க அத்தை!"

தாத்தாவும் பேத்தியுமா. அந்த வார்த்தையில் தையல்காரம்மாவுக்குக் கண்முன்னே அந்தச் சரிவு வந்தது. ஓடுகிற மெஷின், திறந்திருக்கிற கண், பந்தை எடுக்கப் புல்லில் குனிகிற குழந்தை. கடையில் நின்றவள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

"பில் போட வேண்டாம்," என்றாள்.

"அத்தை, மறுபடியும் தொடங்கிட்டீங்களா?"

"அது அசதி இல்லம்மா."

"ஏய்," என்றார் டிரைவர். சீட்டில் உட்கார்ந்தபடியே, அடிக்குரலில்.

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டாள் என்று அவளுக்கே தெரியும். சுவரில் முட்டிய பஸ், டாக்டர் சொன்னது, முதுகுவலி என்ற பொய், அசதி என்ற சமாளிப்பு, எல்லாவற்றையும் மளமளவென்று கொட்டிவிட்டாள். விற்பனையாளர் நாசூக்காக வேறொரு வாடிக்கையாளரைத் தேடிப் போனார்.

டீச்சரின் முகம் வெளிறி, பிறகு சிவந்தது. "இத்தனை நாளா?"

"ஆமாம்மா."

"திங்கக்கிழமை என் குழந்தையை அவர்கிட்ட விட்டுட்டு நான் போயிருப்பேன். நீங்க பாத்துட்டு இருந்திருப்பீங்க. இல்ல?"

தையல்காரம்மா அந்த அடியை வாங்கிக்கொண்டாள். அது நியாயமான அடி. "என்னைத் திட்டும்மா. எவ்வளவு வேணாத் திட்டு. ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு டாக்டர் சொன்னதிலேர்ந்து உங்க மாமா ஸ்டீயரிங்கைத் தொட்டதில்ல. காலமெல்லாம் வண்டி ஓட்டின மனுஷன், குடுத்த வாக்குக்காகக் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்காரு. அந்த வாக்கை அவர் மீறினதில்ல. அந்த நம்பிக்கையிலதான் நானும் வாயை மூடிட்டிருந்தேன்."

டீச்சர் மாமனாரைப் பார்த்தாள். அவர் ஸ்டீயரிங்கின் நடுவில் இருந்த அழுக்கைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி மாமா இருக்கும் அது? மயக்கமா? தூக்கம் மாதிரியா?"

"தூக்கம் இல்லம்மா," என்றாள் மிளகு.

மூன்று பெரியவர்களும் கீழே குனிந்து பார்த்தார்கள். இவ்வளவு நேரமும் குழந்தை அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். அதை அவர்கள் எல்லோருமே மறந்துவிட்டார்கள்.

"அது ஸ்டேச்சு," என்றாள். யாருக்கும் புரியவில்லையே என்ற அலுப்பு அவள் குரலில் இருந்தது. "தாத்தா ஸ்டேச்சு விளையாடுவாரு. அசையவே மாட்டாரு. நான் கிச்சுக்கிச்சு மூட்டினாக்கூட சிரிக்க மாட்டாரு. எப்பப் பாரு தாத்தாதான் ஜெயிக்கிறாரு."

டீச்சர் குழந்தையின் முன்னால் மண்டியிட்டாள். குரலை எப்படியோ சாதாரணமாக வைத்துக்கொண்டாள். "அப்படியாடா கண்ணா? அம்மா ட்ரெயினிங் போனப்ப விளையாடினீங்களா?"

"ம்ம்."

"எங்க? ஹால்லயா?"

"மிளகு," என்றார் டிரைவர்.

"ஹால்லயும்தான்," என்றாள் மிளகு. "கார்லதான் ஜாலியா இருக்கும். எல்லா வண்டியும் பாம் பாம்னு ஹார்ன் அடிக்கும். ஒரு மாமா இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாரு. அப்பக்கூட தாத்தா அசையலையே!"

தையல்காரம்மா கணவரைப் பார்த்தாள். குழந்தை ஏதோ உளறுகிறாள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள். இந்த நிமிஷத்திலும் நம்பத் தயாராகத்தான் இருந்தாள். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

டீச்சர் எழுந்து நின்றாள். மிளகைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"காரோட இன்னொரு சாவி எங்க, மாமா?"

வீட்டில் எங்காவது இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று தையல்காரம்மா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவருடைய கை, இஸ்திரி போட்ட சட்டைப் பைக்குள் மெல்லப் போனது.